கடல் கடந்த வள்ளி
(கொடுமுடி கோகிலத்தின் கதை – அத்தியாயம் 5)

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்து, வீட்டின் வறுமையினாலே ரயில் வண்டியில் பாடிப் பிழைக்க நேர்ந்த ஒரு சிறுமியின் குரலை, ரயில்வே அதிகாரியும் நாடகக் கலையிலே பெரும்பித்துக் கொண்டவருமான எப்.ஜி. நடேசய்யர் தற்செயலாகச் செவிமடுத்ததையும், அதன் பயனாக அவள் வேலு நாயரின் நாடகக் கம்பெனியைச் சேர்ந்து, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசி தாளாமல் அழும் பிள்ளையாக மேடையேறி, கொட்டகையிலிருந்த அனைவரையும் கண் கலங்க வைத்ததையும் சென்ற இதழ்களில் பார்த்தோம்.

அந்தச் சிறுமி இப்போது சிறுமியல்ல. ஆண்டு 1926. கே.பி. சுந்தராம்பாள் என்ற பெயர் விளம்பரத் தாள்களில் கொட்டை எழுத்துக்களில் அச்சாகிறது. அவர் இருப்பது கொழும்பு நகரத்தில்.

வெள்ளைப் புடவையும் நெற்றி நிறைந்த விபூதியுமாக, 1953-இல் ‘ஔவையார்’ படத்திலும், 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்திலும் அம்மையாரைக் கண்டு கைகூப்பியவர்கள், அவரைப் பதினெட்டு வயது வள்ளியாக, தினைப்புனத்துப் பரண்மீது கவண் ஏந்தி நிற்பவராகக் கற்பனை செய்துகொள்வது எளிதன்று. ஆயினும் அந்த வள்ளியை அறியாமல் இந்த ஔவையை அறிய முடியாது. ஆகவே வாசகர்கள் பொறுமையோடு என்னுடன் வர வேண்டும். கொழும்புக்குப் போகுமுன் நாம் தூத்துக்குடியில் சற்று நேரம் தங்கியாக வேண்டும்.

* * *

தூத்துக்குடியில் தங்குவதற்குக் காரணம், அது கப்பலேறும் ஊர் என்பது மாத்திரமன்று.

கப்பலேறும் ஊர் என்பது உண்மைதான். 1876-இல் ரயில் பாதை அவ்வூரை வந்தடைந்த நாள் முதலாக, 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய காலம் வரையில், சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் தபாலும், வியாபாரிகளும், தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஏழை ஜனங்களில் பலரும் இத்துறைமுகத்தின் வழியாகப் போனார்கள். கரையோரம் ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் மைல் கணக்கான தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பிரயாணிகள் படகிலும் சிறு விசைப்படகிலும் சென்றுதான் கப்பலேற வேண்டும். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, மறு வருஷமே ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களைக் கொண்டுவந்து, வெள்ளையர் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்கு ஓட்டியது இந்தக் கடலிலேதான் என்பதைத் தமிழர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

தனுஷ்கோடி வழி பிறந்த பின்னரும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இருந்த உறவு அறுந்துவிடவில்லை. உப்பும் கருவாடும் வெங்காயமும் ஏற்றிய தோணிகள் பாய் விரித்துப் போய்க்கொண்டுதான் இருந்தன. இக்கரையின் பரதவர்களுக்கு அக்கரையும் அயல்நாடாகத் தோன்றியதில்லை. இரு கரைக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவின் அடியிலே, முத்துச் சிப்பிகள் படியும் பார்கள் இரு பக்கமும் பரவிக் கிடக்கின்றன. சிப்பி முற்றி முத்துக்குளிப்பு நடக்கும் வருஷங்களில் இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் சம்மாட்டிகளும் குளியாட்களும் வியாபாரிகளும் போய் வருவது தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வந்த காரியம்.

எங்கே வியாபாரம் போயிற்றோ அங்கே தமிழ் நாடகமும் போயிற்று. கொழும்புச் செட்டியார் தெருவின் லேவாதேவிக்காரரும், துறைமுகத்திலே மூட்டை சுமந்த திருநெல்வேலிச் சீமைத் தொழிலாளியும் ஒரே கொட்டகையில் வெவ்வேறு கட்டணத்தில் அமர்ந்து, பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது புலரும் வரையில் நாடகம் பார்த்தார்கள். தாயகத்தில் கிடைத்ததைவிட அங்கே நடிகர்களுக்குச் சன்மானமும் அதிகம், அபிமானமும் அதிகம்.

* * *

ஆனால் நான் தூத்துக்குடியில் நின்றது வேறொரு மனிதருக்காக.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்ற சிற்றூரில், 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, தாமோதரக் கணக்கப் பிள்ளையின் குமாரராகப் பிறந்தார் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்று, வெண்பாவும் கலித்துறையும் இளமையிலேயே இயற்ற வல்லவரான இவர், வயிற்றுப் பிழைப்புக்கென்று ஏற்றுக்கொண்டது உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் உத்தியோகம்.

உப்புக்குக் கணக்கெழுதிய கை, இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்குப் பாட்டெழுதத் தொடங்கிற்று. உத்தியோகத்தைத் துறந்து நாடகக் கம்பெனியைச் சேர்ந்தார். அவரே சங்கரதாஸ் சுவாமிகள்.

முதலில் அவர் நடிகர். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்ற பயங்கரமான வேஷங்களிலே பேர் பெற்றவர். ‘நளதமயந்தி’யில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேஷத்தைக் கலைப்பதற்காக நீர்நிலைக்குச் சென்றபோது, அங்கே வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அவரைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்விட்டாள் என்றும், அன்றோடு அவர் வேஷம் போடுவதை விட்டுவிட்டு, நாடகம் எழுதுவதற்கும் பயிற்றுவிப்பதற்கும் தம்மை ஒப்புக்கொடுத்தார் என்றும் நாடக உலகத்தார் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘சுலோசனா சதி’, ‘அபிமன்யு சுந்தரி’ – இவையெல்லாம் அவர் தந்தவை. தெருக்கூத்தாகவும் கதைப்பாட்டாகவும் சிதறிக் கிடந்த கதைகளை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய பாட்டும், விருத்தமும், வசனமும் இன்னவை என்று வரையறுத்து, தமிழ் நாடு முழுவதற்கும் பொதுவானதொரு மேடைப் பாடத்தை ஏற்படுத்திக் கொடுத்தவர் அவர். ‘கோவலன்’ நாடகத்தைக் குறித்து இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிலம்பின் பரல் மாணிக்கமா, முத்தா என்பதில்தான் அக்கதையின் நீதியே தொங்குகிறது. பாண்டிமாதேவியின் சிலம்பிலிருந்த முத்து எங்கே குளித்தெடுத்தது? காட்டுநாயக்கன்பட்டிக்கு வெகு தூரத்திலில்லாத கொற்கைத் துறையிலேதான். தம் கரையின் முத்து வழக்குத் தோற்ற கதையை அந்தக் கரையின் கவிஞரே மேடைக்கு எழுதித் தந்தார்.

1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி, பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்த நிலையில், புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். நமது கதை நிகழும் காலத்தில் அவர் இல்லை. ஆனால் கதை முழுவதும் அவர் போட்ட மேடையின்மீதே நடக்கிறது.

* * *

எப்படி என்பதைச் சொல்கிறேன்.

அக்காலத்தில் நாடகம் இருவகையாக நடந்தது. ஒன்று, கம்பெனி நாடகம். ஒரு முதலாளி, ஒரு வாத்தியார், நித்தியப் பயிற்சி, ஒரே கூரையின்கீழ்ச் சாப்பாடு. மற்றொன்று, ‘ஸ்பெஷல் நாடகம்’. இதில் கம்பெனியும் இல்லை, ஒத்திகையும் இல்லை. காண்ட்ராக்டர் ஒருவர், ராஜபார்ட்டுக்கு மதுரையிலிருந்து ஒருவரையும், ஸ்திரீபார்ட்டுக்குக் கரூரிலிருந்து ஒருவரையும், பபூனுக்கு வேறோர் ஊரிலிருந்து ஒருவரையும் அச்சாரம் கொடுத்து வரவழைப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் அதற்கு முன் கண்டிராதவர்கள், அன்றிரவு மேடையிலேதான் சந்திப்பார்கள். சந்தித்த மறுகணமே பிறவிப் பகைவராகவோ பிரிய மனமில்லாத காதலராகவோ பாடி நடிப்பார்கள்.

இது சாத்தியமானது ஒரே காரணத்தினால். எல்லோருக்கும் பாடம் ஒன்றே. அது சுவாமிகளின் பாடம். அந்தப் பாடத்துக்குள்ளேயே, எழுதி வைக்காத ஓர் இடமும் உண்டு. அதற்குத் ‘தர்க்கம்’ என்று பெயர்.

‘வள்ளி திருமணத்’தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முதலில் நாரதர் வருகிறார், தர்க்கம். பிறகு வேடன் வடிவில் முருகன் வருகிறான், மீண்டும் தர்க்கம். அவன் கேட்ட கேள்விக்கு இவள் விடை சொல்ல வேண்டும். அவன் பாடிய மெட்டிலேயே, அவன் ஏறிய ஸ்தாயியிலேயே, அப்போதே, சபையின் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவளைக் கொட்டகை மன்னிக்காது. சொல்லிவிட்டாலோ, முருகப் பெருமானே ஒரு கணம் திகைத்து நிற்பதைக் கண்டு ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள்.

நாடகத்திலே நடிக்கும் பெண்ணை ஊரார் மதியாத காலம் அது. கும்பகோணம் பாலாமணி அம்மாளைப் போலப் பெரும்புகழும் பெருஞ்செல்வமும் ஈட்டியவர்களைக்கூட, இரவிலே கொட்டகையில் கொண்டாடிவிட்டுப் பகலிலே புறம் பேசிய சமூகம் இது. அப்படிப்பட்ட காலத்தில், ஒரு பெண் ஓர் ஆணுக்குச் சபையிலே எதிர்நின்று, மணிக்கணக்காக மறுமொழி கூறவும், அவனை வெல்லவும் இடம் தந்த ஸ்தானம் தமிழ் நாட்டில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்: சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடை. அவருடைய சாதனைகளைப் பட்டியலிடுகிறவர்கள் பாட்டுக்களின் தொகையைச் சொல்கிறார்கள். நான் இதை முதலாவதாகச் சொல்வேன்.

* * *

வள்ளி யாரென்று தெரியும். வேடன் யார்?

அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில், 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. பாலப் பிராயத்திலேயே சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் தேறியவர். பின்னர்க் கன்னையா கம்பெனியில் ‘தசாவதாரம்’ முதலான நாடகங்களில் நடித்துப் பிரசித்தியடைந்தவர். ஒலிபெருக்கி என்ற ஒன்று மேடைக்கு வராத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் அட்சரமும் தெளிவாகக் கேட்கும்படி, உச்ச ஸ்தாயியிலே அநாயாசமாகச் சஞ்சரிக்கும் சாரீரம் அவருடையது. அவர் தமையனார் காசி ஐயர் ஹார்மோனியத்தில் அமர்ந்துவிட்டால், தம்பி எங்கே தாவுவான், எங்கே இறங்குவான் என்பதை விரல்கள் முன்னதாகவே அறியும். சங்கீத வித்துவான்களும் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்து கேட்ட குரல் அது.

இருபது வயது. தோல்வி என்பதை அறியாதவர்.

* * *

1926-இல் கொழும்பிலே சுந்தராம்பாளின் நாடகங்கள் நடந்துகொண்டிருந்தபோது, அவருக்கு இணையாகக் கிட்டப்பாவை நடிக்கச் செய்தால் என்ன என்ற எண்ணம் நாடகம் நடத்துகிறவர்களுக்கு உதித்தது. எண்ணம் உதித்த அளவிலே கூடவே அச்சமும் பிறந்தது.

“அந்த அம்மாளுக்கு முன்னால் நின்று பாடினால் உங்கள் பாட்டு எடுபடாது” என்ற பொருளில் கிட்டப்பாவிடம் சிலர் எச்சரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்படி எச்சரித்தவர்கள் அவரது நலம் நாடியவர்களா, அல்லது அந்த ஜோடி சேராதிருப்பதிலே தங்கள் லாபத்தைக் கண்டவர்களா என்று இனிப் பிரித்தறிய முடியாது. ஆனால் எச்சரிக்கையின் சாரத்தைக் கவனியுங்கள். ஓர் ஆண் நடிகர், அதுவும் கிட்டப்பா போன்றதொரு மகா பாடகர், ஒரு பெண்ணின் குரலுக்கு அஞ்சும்படி எச்சரிக்கப்படுகிறார். சுந்தராம்பாளின் கீர்த்தி பதினெட்டு வயதில் எந்த உயரத்தை எட்டியிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

கிட்டப்பா பின்வாங்கவில்லை.

நாடகம், ‘வள்ளி திருமணம்’.

* * *

அந்த இரவில் நடந்ததை நிதானமாகவே பார்க்க வேண்டும். பின்னால் நிகழ்ந்த யாவும், இன்பமும் துன்பமும், அதிலிருந்தே கிளைத்தன.

‘வள்ளி திருமண’த்தின் அமைப்பு, வேடனுக்கு முன்பே வள்ளியைச் சபையில் ஸ்தாபித்துவிடுகிறது. ஆலோலம் பாடிக் கிளியையும் குருவியையும் ஓட்டுகிறாள். நாரதரோடு வாதாடி அவரைச் சளைக்க வைக்கிறாள். இரவு பாதி கழிகிறது. கொட்டகை முழுவதும் அவள் வசமாகிவிடுகிறது. அதற்குப் பிற்பாடே வேடன் பிரவேசிக்கிறான். ஆகையால் வேடனாக வருகிறவன் எவ்வளவு பெரிய பாடகனாயினும், அந்நியனொருவனுடைய புனத்திலே நுழைகிறவனைப் போலவே நுழைய வேண்டும். கதையிலும் அப்படி, சபையிலும் அப்படி.

கிட்டப்பாவின் சங்கீதம் வேகத்தில் சிறந்தது. பிருகாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து, கேட்கிறவர் மூச்சு விடுமுன் மேல் ஸ்தாயியைத் தொட்டுத் திரும்பும். சுந்தராம்பாளின் சங்கீதமோ கனத்தில் சிறந்தது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியே ஒலிக்கும். உச்சத்தில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் அசையாது நிற்கும். ஒன்று மற்றொன்றை வெல்லும் வகையைச் சேர்ந்தவையல்ல அவை. வேகத்துக்கு வேகத்தால் விடை சொல்ல அம்மையார் முயன்றிருந்தால் தோற்றிருக்கக் கூடும். கனத்துக்குக் கனத்தால் விடை சொல்லக் கிட்டப்பா முயன்றிருந்தால் அவரும் தோற்றிருக்கக் கூடும். சுவாமிகளின் தர்க்கம் அவர்களை அப்படிச் செய்யவிடாது; எதிரியின் பாட்டை முழுதும் கேட்ட பிறகே விடையளிக்க முடியும் என்பது அதன் விதி. போட்டியென்று எண்ணி வந்த இருவரும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள்.

ஜனங்களுக்கு அது புரிந்துவிட்டது. யார் வென்றார் என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுபடியும் எப்போது என்றே கேட்டார்கள். அந்த ஜோடி அபாரமான வெற்றி கண்டது. ‘சுந்தராம்பாள் – கிட்டப்பா’ என்ற இரு பெயர்களும் அதன்பின் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகத் தொடங்கின.

அந்த வெற்றிக்குக் காரணம் இரண்டு சாரீரங்கள் மட்டும் என்று நான் கருதவில்லை. ஒத்திகையின்றிச் சந்தித்த இருவரைச் சரிநிகராக நிறுத்தி, ஒருவர் பேச மற்றவர் கேட்கவேண்டும் என்று விதித்த ஒரு பாடமும் காரணம். அந்தப் பாடத்தை எழுதியவர் மறைந்து அப்போது நான்கு வருஷங்கள் ஆகியிருந்தன.

* * *

மேடையிலே தொடங்கிய பேச்சு மேடையோடு நிற்கவில்லை.

வள்ளியையும் வேடனையும் கோவலனையும் மாதவியையும் இரவுதோறும் ஒன்றாக நடித்தவர்கள் பகலிலும் ஒன்றாக வாழ விரும்பினார்கள். 1927-இல் சுந்தராம்பாள் கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பா பிராமண வகுப்பினர். சுந்தராம்பாள் வேறு குலத்தில் பிறந்தவர். அது ஒரு தடை. அதனினும் பெரிய தடை, கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர் என்பது. இவ்விரண்டையும் சுந்தராம்பாள் அறியாதவரல்லர். பத்து வயது நிரம்புமுன்பே ஒரு குடும்பத்தின் சுமையைத் தன் தொண்டையிலே தாங்கியவர், உலகம் அறியாத பேதையென்று சொல்லுவதற்கில்லை. அறிந்தே துணிந்தார்.

தாயகத்தில் இந்த ஜோடிக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி விரிக்கப் புகுந்தால் இந்த இதழ் போதாது. ஊர் ஊராகக் கொட்டகைகள் நிரம்பின. இருவரும் காங்கிரஸ் பக்தர்கள், கதர் உடுத்தவர்கள். கிளியோட்டும் வள்ளியின் பாட்டிலும், காட்டிலே திரியும் வேடனின் பாட்டிலும் தேச பக்தி இடம் பிடித்துக்கொண்ட காலம் அது. அவற்றைப் பிறிதோர் அத்தியாயத்திலே தனியே பார்ப்போம்.

நாம் இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டியது வேறொரு வாசலில். மேடையில் வேடன் எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் வள்ளிக்கு மறுமொழி கூறும் உரிமை உண்டு. அவள் முடிக்கும் வரையில் அவன் கேட்டே ஆகவேண்டும். வீட்டிலே அந்த விதியை எழுதி வைத்தவர் ஒருவருமில்லை. மணமான சில காலத்துக்குள்ளாகவே கிட்டப்பா செங்கோட்டைக்கும் கொடுமுடிக்கும் நடுவே அலைப்புண்டார். அவர் பிரிந்து சென்ற நாட்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களில் சில பின்னாளில் அச்சேறியிருக்கின்றன. கோபமும், தாபமும், தன்மானமும் ஒருங்கே துடிக்கும் கடிதங்கள் அவை.

கொழும்பு மேடையில் எதிர்நின்று பாடியவளின் விடையைக் கடைசி அட்சரம் வரையில் காத்திருந்து கேட்ட கிட்டப்பா, கொடுமுடியிலிருந்து வந்த அந்தக் கடிதங்களுக்குச் செவி கொடுத்தாரா?

அடுத்த இதழில் அக்கடிதங்களின் காலத்துக்குள் செல்வோம்.

(தொடரும்)